பின் சில்லு குளிர்ந்து கிடந்தது

தன்னாமுனை,
மட்டக்களப்பு.
17.08.2010

அன்பு மகன் துசாந்தனுக்கு,

மாமாங்கப் பிள்ளையார் காவலில் நானும் தங்கச்சியும் கை கால் ஒன்றும் முறியாமல் முழு ஆளாக இருக்கிறோம், நீயும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். முழு ஆளாக என்று முதலிலேயே எழுதச் சொன்னதற்குக் காரணம் உனக்குத் தெரியும். லுணுகலை மலையில் நான் பிக்கப்பைப் பிரட்டிவிட்டேன் என்று பெரியப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். வண்டி பிரளவில்லை. தேயிலைக் கரையில் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். போனில் இதைச் சொல்லத் தொடங்கியதும் நீ "வித்துப்போடுங்க அம்மா, வித்துப்போடுங்க" என்று ஒரே பிடியாக நின்று என்னை ஒரு வசனம் முடிக்க விடவில்லை. கடிதத்தை யாரும் இடையில் மறிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி தனுஷியா எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கினாலும் சொல்வது நான்தான், பயந்த இடத்தில் பயந்தேன் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நான் ஏன் மலைக்குப் போனேன் என்பதைக் கேள். அப்பா இருந்த காலத்திலும் சுனாமியில் கடல் அவரைக் கொண்டுபோன பிறகும் இந்த வண்டி வாவிக் கரையில் மீனை ஏற்றிக் கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் ஏறாவூருக்கும்தான் ஓடியது. அதற்கு அப்பால் போக விட்டார்களா? அங்கே ஒரு ஆமி மறிப்பு, இங்கே ஒரு மறிப்பு, இறக்கிக் காட்டி ஏற்றுவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். வாவி இறாலை வாங்குகிற முதலாளிமார் அதைத் தெரிந்துகொண்டு சொன்னதுதான் விலை. இப்போது சண்டை முடிந்து செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை தாண்டிப் பசறை வரைக்கும் யாரும் போகலாம். மலையில் இருக்கிற சனம் நம்முடைய இறாலையும் கருவாட்டையும் கண்டால் விடுவதில்லை. திரும்பும்போது கோவாவும் உருளைக்கிழங்கும் போஞ்சியுமாக மலை மரக்கறி ஏற்றி வந்தால் இங்கே சந்தையில் நின்றபடி விற்றுப்போகிறது. வெறும் பெட்டியோடு வருகிற பயணமே கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் நம்முடைய ஊர் கைத்தலம் மாதிரி மட்டமான ஊர். கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல இங்கே என்ன இருக்கிறது? மட்டமான தெருவில் ஓடிப் பழகிய வண்டியை மலையில் ஏற்றுவதற்கு முதல் பலப்படுத்த வேண்டும் என்று ஏறாவூரில் வண்டி திருத்துகிற உசனார் காக்காவின் கராச்சுக்குக் கொண்டுபோனேன். உனக்கு அவரை நினைவிருக்கும், கடல் வந்த அன்று பிக்கப் அவருடைய கராச்சில் சில்லுக் கழற்றிக் கிடந்ததால்தான் தப்பியது. நான்கு சில்லுக்கும் புது பிரேக் கட்டை, பின்னுக்குப் புது சிலிண்டர், பாரம் ஏற்றினால் பெட்டி குந்தாமல் இருக்கப் பின் ஸ்பிரிங்குக்கு லொறித் தகடு கூடுதலாக வைத்துக் கட்டினார். வேலை முடிந்து பார்த்தால் பின்பக்கம் உயர்ந்து, சண்டைக்கு நிற்கிற கிடா மாதிரி நின்றது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையும் வந்தது. எவ்வளவு ஏற்றினாலும் குனியாத வண்டி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை என்று தனுஷியாவும் வந்தாள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பசறையில் மீனை விற்றுக் கிழங்கும் கோவாவும் கூரை மட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு லுணுகலை தாண்டி இறங்குகிறோம், வளைவுக்கு வளைவு பிரேக் பெடல் அடிக்குப் போகிறது, வண்டி கேட்கிறதாக இல்லை. எரிந்த மணம் வந்து முன் சில்லு இரண்டிலும் புகை எழும்பியது. சின்னக் கியருக்கு இறக்கிக் கை பிரேக்கையும் இழுத்து, பள்ளப் பக்கத்தை விட்டு மலைப் பக்கமாகத் தேயிலைக் கரையில் கொண்டுபோய் உராய விட்டேன். நின்றது. பெடலிலிருந்து காலை எடுத்தால் திரும்பவும் உருளும் என்று பயந்து நான் மிதித்தபடியே இருந்தேன். தங்கச்சி குதித்து இறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தாள், பிறகு குடிக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்து முன் சில்லில் ஊற்றினாள், சுர்ரென்று ஆவி பறந்தது. பின் சில்லிலும் ஊற்றினாள். ஒன்றும் இல்லை, மழைத் தண்ணீர் மாதிரி வழிந்து போனது. நான் கை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு பாரத்தோடு அவ்வளவு தூரம் இறங்கிய வண்டியின் பின் சில்லு வாவித் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. புது சிலிண்டர், புதுக் கட்டை, ஆனால் அந்த இரண்டு சில்லும் அன்றைக்கு வேலையே செய்யவில்லை. வண்டி ஆறியதும் ஒரு லொறிக்காரர் முன்னே மெதுவாகப் போக, முதல் கியரில் அவருக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கினோம்.

பெரியப்பா இதைக் கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டார். "புள்ள, நல்லரத்தினம் இருந்திருந்தா உன்ன இந்த மலைக்கு விட்டிருப்பானா" என்று தொடங்கினார். அத்தான், அவர் இருந்திருந்தால் அவரே போயிருப்பார், நான் பக்கத்தில் இருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போயிருப்பேன் என்றேன். வண்டியை வாங்க ஆள் பார்த்தாயிற்று, விற்றுத் தங்கச்சிக்கு வீட்டைக் கட்டு, சீதனத்துக்கென்று இருந்த அடி வீடு கடலோடு போய் இத்தனை வருசமாச்சு, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன் வீடு எங்கே என்று கேட்டால் பிக்கப்பையா காட்டுவாய் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, நமது ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு உசனார் காக்காவிடம் போனேன்.

அவர் பிரேக் குழாய்க்குள் காற்று நின்றிருக்கும் என்று காற்றை எடுத்துவிட்டு "இனி ஒண்டுமில்ல தங்கச்சி, கொண்டுபோங்க" என்றார். நான் அவர் நீட்டிய வண்டித் திறப்பை வாங்கவில்லை. பின் சில்லு ஏன் குளிர்ந்து கிடந்தது என்று சொல்லுங்கள், பிறகு போகிறேன் என்று ரயர் ஒன்றின்மேல் இருந்துவிட்டேன். "இதென்ன கோட்டு விசாரணையா" என்று சிரித்தார். ஓம் காக்கா, விசாரணைதான் என்றேன். மீண்டும் வண்டிக்குக் கீழே போய் ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தார். பிறகு கிடந்தபடியே என்னையும் வரச் சொன்னார். நான் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு சின்ன வால்வுக்குப் போகிறது. பாரம் ஏறிப் பெட்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளிப் பின் சில்லுக்கு பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும், பெட்டி உயர்ந்து நின்றால் வெறும் வண்டி என்று நினைத்துக் குறைத்துவிடும். லொறித் தகட்டால் தூக்கி நிறுத்திய நம்முடைய வண்டி எவ்வளவு ஏற்றியும் தாழவில்லை, வால்வு கிழங்கு மூட்டையை அறியவே இல்லை. "தகட்டப் போட்டதும் நான்தான், கம்பிய மறந்ததும் நான்தான். அல்லாஹ் காப்பாத்தினான்" என்று காக்கா முகத்தைத் துடைத்தார். ஒரு தகட்டைக் கழற்றி, கம்பியின் தாங்கியை உயர்த்தி ஒட்டினார். இப்போது பாரம் ஏறினால் வண்டி அளவாகக் குனிகிறது. குனியாத வண்டி என்று பெருமையடித்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. பெரியப்பாவை மறித்து ஏற்றிக்கொண்டு திரும்பவும் பசறைக்குப் போனேன். வரமாட்டேன் என்றவர், பயமா அத்தான் என்று கேட்டதும் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். போன தடவை மாதிரியே பாரம் ஏற்றி அதே இறக்கத்தில் இறங்கினோம். "புள்ள மெள்ள, புள்ள மெள்ள" என்று கதவைப் பிடித்தபடி வந்தார், முருகனையும் கூப்பிட்டார். அதே வளைவில், அதே தேயிலைக் கரைக்குப் பக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன், முட்டை உடையாமல் வைத்த மாதிரி நின்றது. தங்கச்சி இறங்கி நான்கு சில்லிலும் தண்ணீர் ஊற்றினாள், நான்கும் ஒரே மாதிரிச் சூட்டில் தண்ணீரை வாங்கிக்கொண்டன, எதிலும் புகை இல்லை. பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா, "வண்டி இப்ப நல்ல கண்டிசன், இப்பதான் விக்கோணும்" என்றார். எனக்கும் தங்கச்சிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்லதாக இருந்தாலும் விற்க வேண்டும், கெட்டாலும் விற்க வேண்டும் என்றால் குறை வண்டியில் இல்லை மகன், ஓட்டுகிறது நான் என்பதில்தான்.

நான் விற்கமாட்டேன். உன்னைக் கொழும்பு பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டது இந்த வண்டி, வாகரைச் சனம் சண்டைக்குத் தப்பிச் செருப்பும் இல்லாமல் வந்தபோது பிள்ளைகளை ஏற்றி இறக்கியது இந்த வண்டி, அப்போதெல்லாம் ஓட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு வரும். மலையிலிருந்து கிழங்கு வருகிற மாதிரி அதுவும் இந்த வண்டியில்தான் வரும். பெரியப்பா உனக்கு அனுப்பிய பெயர் மாற்றும் விண்ணப்பப் பாரத்தில் வாங்குகிறவரின் பெயர் இருக்கும், அதைக் கிழித்துப் போடு. அப்பா போன பிறகு வண்டியின் பதிவுப் புத்தகம் ஆம்பிளையின் பெயரில் இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்லி உன் பெயரில் எழுதினோம். இந்தக் கடிதத்தோடு வேறு விண்ணப்பப் பாரம் வைத்திருக்கிறேன். நமது பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு என்றால் வண்டியும் பெண்பிள்ளைக்கே போகட்டும் என்று, புதுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் தனுஷியாவின் பெயரை எழுதும்படி அவளிடமே சொன்னேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டாள். இவ்வளவு நேரமும் சொன்னதையெல்லாம் எழுதியவள் இதை மட்டும் எழுதமாட்டேன் என்கிறாள். "எனக்கு லைசன்ஸ் எடுக்கிற வயசே இன்னும் வரல்ல. ஓட்டுறது நீங்க, பேர் மட்டும் ஏன் எப்பவும் வேற ஆக்கள்ர பேர்?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே பேனையைத் திறந்து, என்னைக் கேளாமலே, அந்த இடத்தில் நல்லரத்தினம் பத்தினிப்பிள்ளை என்று எழுதிவிட்டாள். நான் அழிக்கச் சொல்லவில்லை.

மகன், உன் பயம் எனக்கு விளங்குகிறது, தகப்பனை ஒரு காலைப்பொழுதில் பறிகொடுத்த பிள்ளைக்கு அந்தப் பயம் வரும். ஆனால் பயந்து பயந்து வீட்டில் இருந்தவர்களையும் கடல் விடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நீ வேலை செய்கிற உணவகத்தில் மிச்சம் கிடப்பதை நின்றபடி விழுங்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் கையும் காலும் சுகமாக, மனம் தெளிவாக இருக்க மாமாங்கேஸ்வரர் அருள் செய்யட்டும். பாரத்தில், பதிவுப் புத்தகத்தில் உள்ள மாதிரியே கையெழுத்தைப் போடு, மாறினால் திருப்பி அனுப்புவார்கள். வியாழக்கிழமை நான் பசறைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ந. பத்தினிப்பிள்ளை