படகு மிதக்கும் அளவு தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும். இன்றைக்கு எழுதிவிட்டு, உள்ளே போய் அப்பாவின் மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வரியைத் தொடங்குகிறேன். நன்றாகத்தான் தூங்குகிறார். மத்தியானத்தில் தூங்குகிற மனிதரா அவர், இப்போது சாப்பிட்ட கையோடு சாய்ந்துவிடுகிறார், மருந்து அப்படி. போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரைப் போட்டு நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. சித்தி இதற்குள் உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பாள், அவள் காதில் விழுந்த சேதி வாய் வழியாக வெளியே வரும்போது கை கால் முளைத்திருக்கும். படகு கவிழ்ந்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படகு கவிழவில்லை. நடந்ததை நடந்தபடி நானே சொல்கிறேன், பாதியில் போனைத் தூக்காமல் கடைசிவரை படி.

அன்றைக்குப் பறவை பார்க்க வந்தவர்கள் நான்கே பேர். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, தனியாக வந்த ஒரு கண் டாக்டரம்மா, அப்புறம் கேமராக்காரர். குளிர் நாட்டிலிருந்து வருகிற அந்தச் சின்ன உள்ளானைப் படமெடுக்க ஒவ்வொரு பருவத்துக்கும் வந்து வெறுங்கையோடு திரும்புவாரே, அவரேதான். அதிகம் பேசமாட்டார். கேமராவை மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு வருவார். நான் பறவை காட்ட, அப்பா படகு ஓட்ட, வழக்கம்போலக் கிளம்பி, தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம் பார்த்துக் கழிமுகத்து மணல்திட்டில் இறக்கினோம். அந்தத் திட்டு கால் வைத்தால் தரை மாதிரி இருக்கும். அதைத் தாண்டி அலையாத்திக் காடு வரைக்கும் சேறு, மேலே பார்த்தால் மெழுகிவிட்டதுபோல் வழவழவென்று இருக்கும், உள்ளே அடி கிடையாது. மணல் முடிகிற இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருக்கிறது. அதைத் தாண்டி ஒரு அடி கூட வைக்கக் கூடாதென்று படகிலேயே சொல்லிவிட்டேன், எல்லாரும் தலையாட்டினார்கள், கேமராக்காரரும் ஆட்டினார்.

ஆலாப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. டெலஸ்கோப்பை நிறுத்தி ஒவ்வொருவராகக் காட்டினேன். மேனேஜரின் மனைவிக்கு ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றும் கூடவே மூடிக்கொள்கிறது, பாவம், டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, கண்ணை மூடவே வேண்டாம், ரெண்டையும் திறந்துட்டே பாருங்க, பழகிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாவின் உயரத்துக்கு டெலஸ்கோப்பை இறக்கக் குனிந்தேன், அவ்வளவுதான், நிமிர்வதற்குள் அந்த உள்ளான் தாழப் பறந்து வந்து கம்புக்கு அப்பால் சேற்றில் இறங்கியிருக்கிறது, மனிதர் அதன் பின்னாலேயே போய்விட்டார். இத்தனை வருஷம் கண்ணில் படாதது கையெட்டும் தூரத்தில் இறங்கினால் யாருக்குத்தான் கால் நிற்கும். அப்பாதான் படகிலிருந்து முதலில் பார்த்தார். கத்தக்கூட இல்லை, என்னைப் பார்த்து, அங்க பாரு என்றார். திரும்பினால் கேமராக்காரர் தொடை வரைக்கும் உள்ளே நிற்கிறார், ஒரு காலை இழுக்கப் போக மற்றது இன்னும் இறங்குகிறது, கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

அசையாதீங்க சார், அப்படியே நில்லுங்க என்று சொல்லிக்கொண்டே அப்பா படகில் குறுக்கே கிடந்த உட்காரும் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். நான் தடுக்கவில்லை, தடுக்க நேரமும் இல்லை. சேற்றின் மேல் பலகையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் தள்ளித் தள்ளி அவரிடம் போய்ச் சேர்ந்தார். லென்ஸைத் தோளில் மாட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று கேமராக்காரர் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றிப் படகிலேயே போட்டிருந்தார், நானும் அதைக் கவனிக்கத் தவறினேன். அப்பா தன்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். முதலில் அந்தக் கேமராவை விடுங்க சார், எனக்கு உங்க ரெண்டு கையும் வேணும் என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. கேமராக்காரர் கொஞ்சம் யோசித்து, விட்டார். அது சத்தமே இல்லாமல் உள்ளே போனது. இதற்குள் தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது. கடல் பக்கமிருந்து காற்று எழுந்து, சேற்றின் மேலே விரல் கனத்துக்கு நுரையோடு தண்ணீர் படர ஆரம்பித்தது.

சரணாலய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் படகு ஆற்றுக்கு உள்ளே எங்கேயோ போயிருந்தது, வர்றோம், ஆனா நேரமாகும் என்றார்கள். வந்தவர்களையெல்லாம் படகில் ஏற்றி, திட்டின் ஓரமாகவே சேற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன், கொஞ்ச தூரத்திலேயே அடி தட்டி நின்றுவிட்டது. பாப்பா, இதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் படகு ஆளில்லாமல் மிதக்கவே முழங்கால் அளவு தண்ணீர் வேண்டும், ஆட்களை வைத்துக்கொண்டால் அதற்கும் மேலே. கேமராக்காரரோ இடுப்பு வரைக்கும் புதைந்திருந்தார். அவர் நிற்கிற இடத்தில் எனக்கு முழங்கால் தண்ணீர் என்றால் அவருக்கு அது கழுத்து. அவரை எடுக்கப் படகு போக வேண்டும், படகு போகத் தண்ணீர் ஏற வேண்டும், அதே தண்ணீர்தான் அவரை மூழ்கடிக்கவும் பார்க்கிறது. இழுத்து இழுத்து அப்பாவின் ஒரு காலும் உள்ளே போய்விட்டது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அந்த மனிதரின் தோளைச் சுற்றிப் பிடித்திருந்தார். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் குழாய் வைத்து இன்னும் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

கனத்தைக் குறைத்தால்தான் படகு நகரும். அதனால் எல்லாரையும் மறுபடி திட்டில் இறங்கச் சொன்னேன். திட்டும் முங்கப் போகிற திட்டுதான், அது அவர்களுக்கும் தெரியும், ஏற்கெனவே பாதி போயிருந்தது. மேனேஜர் இறங்கமாட்டேன் என்றார். எங்களை நடுத்தண்ணியில நிறுத்திட்டுப் போறீங்க, நீங்க திரும்பலைன்னா எங்க கதி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் திரும்பி வருவேன், அதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது சார் என்றேன். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அடுத்து மேனேஜரின் மனைவி, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்கிய பிறகு அவரும் இறங்கினார். என் டெலஸ்கோப் முக்காலியை மணலில் ஊன்றிக்கொடுத்து, மூன்று பேரும் இதைப் பிடிச்சிட்டு ஒண்ணா நில்லுங்க என்று சொல்லிவிட்டு என்ஜினை மேலே தூக்கிவிட்டுக் கழியை எடுத்தேன்.

படகு நகர்ந்தது, தட்டியது, மறுபடி நகர்ந்தது. நான் முழு பலத்தோடு கழியை ஊன்றினால் கழிதான் சேற்றுக்குள் போகிறது, பிடுங்கி எடுப்பதற்குள் காற்று படகைத் திருப்பிவிடுகிறது. தண்ணீர் கேமராக்காரரின் மார்புக்கு வந்து, தோளுக்கு வந்துவிட்டது. அவர் வானத்தைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்பா அவர் காதருகே ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் பாப்பா, நான் கத்தினேன். அவரை விட்டுட்டு வந்துடுங்க, பலகையைப் பிடிச்சிட்டு நீங்க மட்டும் வாங்க என்று கத்தினேன். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கத்தினேன். பறவை காட்ட நம்பி அழைத்து வந்த ஒரு மனிதரை, அவர் காது கேட்க, சாக விட்டுவிடச் சொன்னேன். வாய் தவறி வந்ததென்று சொல்லமாட்டேன், அந்த நேரம் மனசில் இருந்ததே அதுதான். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு அலை வந்தது, பெரிய அலை என்று சொல்ல முடியாது, ஆனால் படகின் அடி சேற்றைவிட்டு எழும்பியது காலுக்குத் தெரிந்தது. கழியைப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது கேமராக்காரருக்குத் தண்ணீர் தாடையில் இருந்தது. கயிற்றை அவர் அக்குளில் சுற்றிப் படகில் இறுக்கிக் கட்டினோம். காலை முன்னும் பின்னும் ஆட்டுங்க, இழுக்காதீங்க, ஆட்டுங்க என்று அப்பா சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஏற ஏறப் படகு மேலே போனது, கயிறு விறைத்தது, அவர் வலி தாங்காமல் முனகினார், ஒரு கட்டத்தில் சேறு அவரைத் துப்பிவிட்டது. ஷூ இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. தன் காலையும் அப்படியே ஆட்டி உருவிக்கொண்ட அப்பாவை நான் சட்டைக் காலரைப் பிடித்துத்தான் உள்ளே இழுத்தேன், மூச்சு விட முடியாமல் படகுக்குள்ளே மல்லாந்து கிடந்தார். அவரைக் குனிந்து பார்க்கக்கூட முடியாமல் என்ஜினை இறக்கித் திட்டுக்கு ஓட்டினேன். அங்கே முழங்காலுக்குத் தண்ணீர், மூன்று பேரும் முக்காலியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டரம்மா ஏறினதும் அப்பாவிடம்தான் போனார், கரைசேரும் வரைக்கும் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்பாவுக்கு நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போய்க் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று புளுகினேன். இப்போது நெஞ்சு தெளிவாக இருக்கிறது, பயப்படாதே, பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். மேனேஜர் சரணாலய அலுவலகத்தில் புகார் கொடுத்தார், விருந்தாளிகளை முங்கும் திட்டில் இறக்கிவிட்டுப் போனேன் என்று, அது பொய்யும் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என் வழிகாட்டி அட்டை போய்விடும் என்றே நினைத்துத்தான் போனேன். அதிகாரி எல்லாரையும் கேட்டார். மேனேஜரின் மனைவியைக் கேட்டபோது, என்னை யாரும் இறக்கல, நானா இறங்கினேன், இவரும் அப்படித்தான் என்று புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை தப்பியது. ஜாக்கெட் விஷயத்தில் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். இனிமேல் திட்டில் யாரையும் இறக்கக் கூடாது, படகிலிருந்தேதான் காட்ட வேண்டும். மற்ற வழிகாட்டிகளுக்கு என்மேல் கோபம், முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆறிவிடும்.

படகை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். இந்தப் பருவம் முழுக்க அப்பா என்ஜினைத் தொடக் கூடாதென்று சொல்லியிருக்கிறது, அதனால் நானே ஓட்டுகிறேன், அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு இடது, வலது என்று என் உயிரை எடுக்கிறார். நீ இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு தூங்குவதாக மாப்பிள்ளை சொன்னார், அது கூடாது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படு. கழுத்துவலிக்கு எண்ணெய் தேய்த்தால் மட்டும் போதாது, போய்க் காட்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பாவிடம், நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா என்று கேட்டேன். எங்க, காத்துல ஒண்ணுமே கேக்கல, என்ன கத்தின என்றார். சீக்கிரம் வரச் சொன்னேன் என்று மழுப்பிவிட்டேன். போன வாரம் கேமராக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார், கையில் கேமரா இல்லாமல் அவரைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே நிற்க முடியாமல் நின்றேன். அவரே மெதுவாக, நீங்க சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சும்மா, என் வீட்டுக்காரி படகுல இருந்திருந்தா அவளும் அதையேதான் கத்தியிருப்பா, அதை மனசுல வச்சுக்காதீங்க என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தார். அப்பாவின் தோளும் அவர் தோளும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டிருந்தன பாப்பா, இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அதனால் நீ போன் பண்ணும்போது அன்றைக்கு நடந்தது எதை வேண்டுமானாலும் அப்பாவிடம் கேள், பலகையைப் பற்றிக் கேள், கயிறு கட்டினதைப் பற்றிக் கேள், சந்தோஷமாகச் சொல்வார். நான் கத்தினதை மட்டும் கேட்டுவிடாதே. அவருக்குக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா