வலியசாலையில் இரண்டு வாழை

ஜூன் 23, செவ்வாய்.

இலை மஞ்சளடிக்கிறது என்று வலியசாலை கணபதி மாமா கூப்பிட்டிருந்தார். வேளாண் அலுவலகத்தில் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். கொல்லையில் இரண்டு வாழை. பொட்டாஷ் குறைவு, அவ்வளவுதான். உரம் வைத்தால் சரியாகிவிடும் என்றேன்.

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"குறுநாம்புன்னு சொல்லிடுங்கோ மேடம். பொண்ணு கல்யாணத்துக்கு வாசல்ல கட்டணும்னு வெச்சது. அவளே இல்லேன்னு ஆயிடுத்து. இது குலை தள்ளினா பார்வதி தாங்கமாட்டா. நான் சொன்னா வெட்ட விடமாட்டேங்கறா."

குறுநாம்பு வைரஸ் நோய். மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

மாமி காப்பியோடு வந்தார். குறுநாம்பு என்றே சொல்லிவிட்டேன்.

மாமி அழவில்லை. "அடுத்தாத்து வாழைக்கும் பரவுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"பரவும் மாமி."

"அப்போ எடுத்துடலாம்."

மாமா வெட்டும்போது மரம் தடாலென்று விழாதபடி மாமி தண்டை அணைத்துப் பிடித்துக்கொண்டார். பக்கக் கன்றுகளையும் அவரே தேடித் தேடிப் பிடுங்கினார்.

நாளைக் காலை ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரப் பயிர் நிலவரம் போட வேண்டும். வட்டாரத்தில் எங்கும் குறுநாம்பு இல்லை. இருக்கிறது என்று போட்டால் ஊரில் பாதிப் பேர் நல்ல வாழையை வெட்டிவிடுவார்கள். வாழையைப் பற்றி ஒன்றும் போடாவிட்டால் மாமியே கேட்பார். ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

தக்காளி, வெண்டை, பாகல் எல்லாம் எழுதியாயிற்று. வாழை என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.