எடுத்துவிட்ட நான்கு வரிகள்

இன்று மதியம் ஆய்வகத்தின் முன்கூடத்தில் கேந்திப் பூவும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த மணம் அடித்தது. ஆயுத பூஜை வருகிறதல்லவா, கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு நிற்கும் நம் பழைய ரோபோ கைக்கு யாரோ மாலை போட்டிருக்கிறார்கள். வாழைநாரில் கட்டிய தடித்த மாலை. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இவர்கள் இன்னும் அதற்கு மாலை போடுவதை விடவில்லை.

கைக்குப் பக்கத்தில், அதை இயக்கிய புரோகிராமை அச்சடித்த தாள்கட்டு விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பில் உன் பெயர். உனக்குச் செய்த மரியாதை என்று எண்ணிவிடாதே. விபத்துக்குப் பிறகு விசாரணைக்காக அச்சடித்த பிரதி அது. எந்தப் பிரதி என்றுகூடப் பார்க்காமல் அலமாரியிலிருந்து உருவி வைத்துவிட்டார்கள்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஸ்ரீவராகம் தெருவிலிருந்து சைக்கிளில் வருவாய். நான் தோவாளைக்காரி, வார நாட்களில் ஹாஸ்டல். அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். யார் எதை மாற்றினாலும் ஃபைலின் தலைப்பில் பெயர், தேதி, காரணம் மூன்றும் எழுத வேண்டும் என்பது நீ கொண்டுவந்த சட்டம். நான் ஒருநாள் எழுதாமல் விட்டேன். நீ சும்மா விடவில்லை.

"ஏண்டி, பேரப் போட்டியோ?"

"ஒரு நம்பரத்தானட்டி மாத்துனேன்."

"நாளைக்கு அந்த ஒரு நம்பரால ஏதாவது ஆச்சுன்னா யார்ட்ட போய்க் கேக்கறது? பேரப் போடு. தேதியும் போடு."

உன் தொல்லை தாங்காமல் போட்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டேன்.

அந்தக் கையின் தோள்மூட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கை தன் எல்லைக்குப் போய் அதை அழுத்தும்போதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். அங்கிருந்து அளந்துதான் மற்ற எல்லா அசைவும். கை நகர்வதற்கு முன்பே சுவிட்ச் அழுந்தியிருந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம், அப்போது கிளம்பாதே என்று நான்கு வரி எழுதியிருந்தாய். "மிஷின் மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேளு, அத வெரட்டாதே" என்பாய். பெரிய விஞ்ஞானிகள் கூடிய அந்தக் கட்டிடத்தில் அதை உருப்படியாகக் கேட்டவர் எவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆயுத பூஜை. மாலை நான் கொண்டுவந்தது. ஊர்ச் சந்தையில் ஈரம் சொட்டச் சொட்ட வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, தோள்மூட்டைச் சுற்றி இரண்டு சுற்றாக நானே கட்டினேன். பூஜைக்கு வைத்த கருவியை எடுக்கும் நாள் வரை தொடக் கூடாது என்பதால் அறையைப் பூட்டிவிட்டோம். பூ வாடியது. நார் காய்ந்து இறுகியது. இறுகிய நார் அந்தச் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இது பிற்பாடு தெரிந்தது.

பூஜை எடுத்த மறுநாள் காலை வெளியூர் விருந்தினர்கள் கையைப் பார்க்க வந்தார்கள். மாலையைக் கழற்றப் போனாய். நம் பிரிவுத் தலைவர் தடுத்தார், போட்டோவுக்கு அழகாக இருக்குமாம். நீ புரோகிராமை ஓடவிட்டாய். கை அசையவில்லை. உன் நான்கு வரிகள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தன.

தலைவர் சிரித்த முகம் மாறாமல் என் காதருகே குனிந்து மலையாளத்தில் சொன்னார். "எடோ, ஆ செக்கிங் அங்ஙு களஞ்ஞேக்கு. கெஸ்ட் வெயிட் செய்யுந்நு." அந்தச் சோதனையைத் தூக்கிவிடு என்கிறார். என் வேலை நிரந்தரமாவதற்கான தாள் அவர் மேசையில் இருந்தது.

"தொடாதேடி. மொதல்ல மாலைய அவுப்போம்" என்றாய் நீ.

நான் தொட்டேன். நான்கு வரிகளையும் எடுத்தேன். பெயர் போடவில்லை.

கை எல்லையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அளந்து, தவறான பக்கம் வீசியது. தட்டேந்தி நின்ற ஃபிட்டர் பிரபாகரன் சேட்டனின் மணிக்கட்டில் விழுந்த அடி எனக்கு இன்றும் கேட்கிறது. எலும்பு முறிந்தது. காயம் ஆறியும் அவரால் பழையபடி ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. "பூவல்லே மோளே, பூவினெ குற்றம் பறயண்டா" என்று என்னைத்தான் தேற்றினார், பாவம். பூவைக் குறை சொல்லாதே என்று. அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

விசாரணையில், கடைசி மாற்றம் யார் செய்தது என்று கேட்டார்கள். ஃபைலில் கடைசியாக இருந்தது உன் பெயர். தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய்! நான் என் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் 'மென்பொருள் எழுதியவரின் கவனக்குறைவு' என்று வந்தது. பூஜை, மாலை, போட்டோ, உத்தரவு எதுவும் அதில் இல்லை. உன்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த ஆய்வகத்திலேயே ஒழுங்காக நிரல் எழுதத் தெரிந்தவளை ரிப்போர்ட்டுகளுக்கு நம்பர் போட உட்காரவைத்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. தலைவருக்குப் பதவி உயர்வு. தூ!

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் நீ கத்தவில்லை? 'இவள்தான் எடுத்தாள்' என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டியிருக்கலாமே. கேன்டீனில் வழக்கம்போல என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்து பப்படத்தை உடைத்துத் தின்றாயே, அதை எப்படித் தாங்குவது? ஒரே ஒருமுறை, கை கழுவப் போகையில், திரும்பாமல் சொன்னாய்: "நீயா சொல்லுவேன்னு நெனச்சேண்டி. அவ்ளோதான்."

உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற தலைவர் வந்து, "ஆர்க்கும் ஒரு சல்யவும் இல்லாத்த குட்டியாயிருந்நு" என்றார். யாருக்கும் தொந்தரவு தராத பெண்ணாம். பெயர் போடாத ஒவ்வொருவரையும் துரத்தித் துரத்தித் தொந்தரவு செய்தவள் நீ. அதைக்கூட உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அன்றும் நான் எழுந்திருக்கவில்லை. தலையாட்டாமல் இருந்ததை ஒரு வீரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நம் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவி. கண்ணாடிப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். இன்று அதைத் திறந்தேன். முதலில் மாலையைக் கத்தரித்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார். "மேடம், பூஜைக்கு வெச்சதாணே!" "அறியாம்" என்றேன், தெரியும் என்று. பிறகு தாள்கட்டைப் புரட்டி, அந்த நான்கு வரிகள் இல்லாத இடத்தில் அவற்றைப் பேனாவால் எழுதினேன். பார்க்காமலே வந்தன. இத்தனை வருடமும் அவை என்னிடம்தான் இருந்திருக்கின்றன. அடியில், இவற்றை எடுத்தவள் நான், எடுக்கச் சொன்னவர் இன்னார் என்று எழுதி என் முழுப்பெயரைப் போட்டேன். அந்தப் பக்கத்தின் நகலை ஒரு கடிதத்தோடு இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன், அறிக்கையைத் திருத்தச் சொல்லி. பிரபாகரன் சேட்டன் வீட்டுக்கு நாளை நேரில் போகிறேன்.

தேதியும் போட்டிருக்கிறேன். அன்றைய தேதியைப் போட நீ விடமாட்டாய் என்று தெரியும். இன்றைய தேதிதான்.