அதே நீலத் தொப்பி

சோனாப்பூர் லேபர் கேம்ப், வெள்ளிக்கிழமை இரவு.

இன்று எங்கள் ரூமுக்குப் புது ஆள் வந்தார். பெயர் பாண்டி, சிவகங்கைப் பக்கம். வாசலில் அவரைப் பார்த்ததும் என் கண் அவர் தலைக்குத்தான் போனது. போன மாதம் சைட்டில் வெயில் தாங்காமல் விழுந்து செத்துப்போன கதிரேசன் போட்டிருந்த அதே நீலத் தொப்பி, அதே வெள்ளை எழுத்து. கேம்பில் அவருக்குக் கொடுத்ததும் கதிரேசனின் மேல்கட்டில்தான்.

"இது என்ன தொப்பி?" என்று கேட்டேன்.

"நியூயார்க் பேஸ்பால் டீமுண்ணே. அமெரிக்காவுல இவங்க அளவுக்கு யாரும் கப்பு ஜெயிச்சதில்ல. இருபத்தேழு தடவை! காலேஜ்ல நானும் ஆடியிருக்கேன். ராசியான தொப்பி, நாளைக்கு டூட்டிக்கு இதைத்தான் போடப்போறேன்."

கதிரேசனுக்கு அது ஒரு டீம் என்றே தெரியாது. வெயிலுக்கு ஆகும் என்று டேரா கடைத்தெருவில் ஒரு கடையில் வாங்கினான்.

பாண்டியிடம், "நீங்க என் கட்டில்ல கீழே படுங்க, நான் மேலே போறேன்" என்றேன். சந்தோஷமாகப் படுத்துக்கொண்டார். இப்போது மேலே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கண்ணை மூடப் பயமாக இருக்கிறது.

"முன்னாடி மேலே யாருண்ணே இருந்தது?" என்று சற்றுமுன் கேட்டார்.

"கதிரேசன்னு ஒருத்தன். ஊருக்குப் போயிட்டான்."

"குடுத்து வச்சவரு" என்றார்.