பதினேழாம் எண் சுத்தியல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நன்றாக இருப்பதாக உன் டிரைவர் சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது கேட்டு அனுப்பினாயா என்று கேட்டேன். அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, சாருக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை என்றார். இருக்கட்டும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இருக்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசி வரி வரை படிப்பாய். அதைப் படித்துத்தானே இவ்வளவு பெரிய ஆளானாய்.

உன் மாமா என்னை விட்டுப் போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. கம்பெனி வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி ஆள் வந்துவிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அவர் இருந்தால் ஒரு நூலைச் சுற்றி நிறுத்தியிருப்பார். நான் வாளி வைத்திருக்கிறேன். அவருடைய சட்டைகளை நேற்று மடித்தேன். எல்லாச் சட்டையிலும் வலது கை மட்டும் வெளுத்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் அந்தக் கையால் பாய்லர் கதவைத் திறந்தவர், அனல் குடித்த கை.

விசாரணையில் நான் சொல்வதாக நீ எழுதிக் கொடுத்தனுப்பிய காகிதம் வந்தது. நான்கு பக்கம். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். அவருக்குக் கண் மங்கலாக இருந்ததாம், வீட்டில் என்னிடம் அடிக்கடி சொன்னாராம், அன்றைக்குத் தண்ணீர் மட்டம் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டாராம், அதனால்தான் பாய்லர் வெடித்ததாம். அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாய். சின்ன வயதில் என் ஊசியில் நீ நூல் கோத்துக் கொடுப்பாய், என் கண் சரியில்லை என்று. கண் மங்கல் எனக்குத்தான் தம்பி. அவர் தெரு முனையில் வரும் பஸ்ஸின் நம்பரை வாசலில் நின்றே சொல்வார்.

போட முடியாது என்று நான் போனில் சொன்னதற்கு நீ சொன்னதை மறக்கவில்லை. "செத்தவரை யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்கக்கா. இருக்கிறவனைப் பாரு." அதைச் சொல்லும்போது உன் குரலில் கோபம்கூட இல்லை. கடைக்காரரிடம் பாக்கெட்டை மாற்றிக் கேட்பதுபோலச் சொன்னாய்.

சரி, இருக்கிறவனைப் பார்க்கிறேன்.

நீ சர்க்காரில் பாய்லர் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். பதினோரு வருஷம். தகட்டைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பாய். நல்ல இரும்பு பாடும், செத்த இரும்பு முனகும் என்பாய். உன் காதுக்குப் பயந்து முதலாளிகள் நடுங்குவார்கள் என்று மாமா தன் கூட்டாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். அவர் வேலை பார்த்த அந்த ஆலைக்கே ஒரு தடவை சோதனைக்கு வந்தாயே, ரெண்டாம் நம்பர் பாய்லரைத் தட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, அது பக்கத்துல நிக்காதீங்க. அடித்தகடு செத்துப்போச்சு. ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி சத்தம் வருது." இதை நான் என் காதால் கேட்டேன். அன்றைக்கே அதை மூட உத்தரவு எழுதினாய். மூடினார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியிலேயே மேலாளராகப் போய் உட்கார்ந்தாய். ஊர் சிரித்தது. மாமா மட்டும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "மேசை அதே மேசைதான். மச்சான் நாற்காலியை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்காரு" என்று அவரே முதலில் சொல்லிச் சிரித்தார், மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள். சர்க்கார் வேலையை விட்ட அன்று உன் சுத்தியலை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாய். இனி இது எதுக்குக்கா, காகிதம் தட்டுற வேலைதானே என்றாய். பிடியில் பதினேழு என்று சர்க்கார் எண் அடித்த சுத்தியல். மாமா அதை எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரி மேல் தட்டில் வைத்தார். ஏதோ நீ வாங்கிய பரிசு மாதிரி.

போன வருஷம் ரெண்டாம் நம்பரை மறுபடி ஓட்ட முடிவு செய்தீர்கள். புதுசு வாங்குவதைத் தள்ளிப்போட்டதற்கு உன்னை இயக்குநர் ஆக்கினார்கள் என்று பேச்சு. எனக்குத் தெரியாது, நான் படிக்காதவள். நெருப்பு வைக்க ஆட்கள் மாட்டோம் என்றது மட்டும் தெரியும். அப்போதுதான் நீ பழக்கூடையோடு வந்தாய். மாமா அங்கே போய் நிற்க வேண்டும் என்றாய். நீங்க நின்னா நாலு பேர் நிப்பாங்க மாமா, சொந்த அக்கா புருஷனையா சாகக் கொடுப்பான்னு நம்புவாங்க என்றாய். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தட்டிப் பாத்தியா மச்சான்?"

"பாத்தாச்சு மாமா."

நீ போன பிறகு நான் அலமாரியைக் காட்டினேன். சுத்தியல் இங்கே இருக்கிறதே என்றேன். "டைரக்டர்னா வேற சுத்தியல் இருக்காதா? போடி, பழத்தை நறுக்கு" என்றார். நறுக்கினேன். தின்றோம். அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு துண்டு இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

நீ சொன்ன மாதிரியே நடந்தது. அவர் நின்றார் என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். கரி அள்ள ரெண்டு பேர், குழாய் பார்க்க ஒருவர்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சாவதற்கு மூன்று வாரம் முன்னால் மாமா அந்தச் சுத்தியலைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போனார். சாயங்காலம் வந்து துணியில் சுற்றி மறுபடி மேலே வைத்தார். சாப்பிடவில்லை. பாடியதா முனகியதா என்று கேட்டேன். பாயை விரித்தபடி, நான் அங்கிருந்து இறங்கி வந்துட்டா மச்சான் பேர் கெட்டுடும், பாய்லர் பாதுகாப்பு வாரியத்துக்குத் தலைவரா சர்க்கார் அவரை மறுபடி கூப்பிட்டிருக்கு, ஆர்டர் வர்ற வரைக்கும் ஓட்டிடலாம் என்றார். மறுநாளும் போனார். உனக்கு நல்லவராக இருந்தவர் அந்த மூன்று பேருக்கு நல்லவராக இல்லை. என் புருஷன்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்டர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பாய்லர் அதற்கு முந்தின நாள் வெடித்தது, நின்ற நாலு பேரையும் கொண்டுபோனது. அவருடையது என்று எனக்குக் கொடுத்ததில் முழுசாக இருந்தது சாப்பாட்டு டப்பா மட்டும். திறந்தேன். நான் வைத்தது அப்படியே இருந்தது.

நீ அனுப்பிய நான்கு பக்கத்தின் பின்னால் இன்னொரு காகிதமும் குத்தியிருந்தது. ரெண்டாம் நம்பரைச் சோதித்து நீ கையெழுத்துப் போட்ட சான்றிதழின் நகல். சர்க்காரில் உனக்குக் கீழே இருந்தவர்தான் இப்போது உன் பழைய இடத்தில் இருக்கிறார், நீ எழுதியதை அப்படியே ஒப்புக்கொண்டு முத்திரை போட்டிருக்கிறார். எந்தச் சுத்தியலால் தட்டினீர்கள் என்று அதில் ஒரு கட்டம். பதினோரு வருஷக் கைப் பழக்கம் தம்பி, யோசிக்காமல் எழுதிவிட்டாய். பதினேழு.

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். எண் நன்றாகவே தெரியும். நீ அந்தத் தேதியைப் போடும்போது பதினேழு என் அலமாரியில் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சர்க்கார் மூன்று தடவை எழுதிக் கேட்ட கடிதங்களும் அதோடு இருக்கின்றன. எங்கள் விலாசத்துக்குத்தான் வந்தன. மாமா ஒன்றையும் கிழிக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். உன் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். மாமா தட்டிப் பார்த்ததையும் சொன்னேன். கரி அள்ளினவர்களில் ஒருவரின் பெண்சாதி சுத்தியலைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரேன்னுதான் எங்காளை நான் எழுப்பி அனுப்பினேன்" என்றாள். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினாள். மற்ற ரெண்டு வீட்டுப் பெண்களும் வந்தார்கள்.

இப்போது சுத்தியல் வீட்டில் இல்லை. விசாரணை அதிகாரியின் மேசையில் இருக்கிறது, கடிதங்களோடும் சான்றிதழோடும். ரசீது கொடுத்தார். உன் நான்கு பக்கத்தையும் கொடுத்துவிட்டேன். பென்சில் புள்ளி அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வாரியத்தில் நீ பதவி ஏற்கும் கூட்டத்துக்கு நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அக்கா உட்கார்ந்தால் நாலு பேர் நம்புவார்கள், அதானே. வருகிறேன். அந்தக் கூட்டம் நடக்குமோ நடக்காதோ, நான் வருகிறேன். ஆனால் தனியாக வரமாட்டேன். நான்கு நாற்காலி போடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் ஒரு நாளும் வேண்டியதில்லை, இப்போதும் வேண்டவில்லை. நீ நூறு வயது இருக்க வேண்டும். கண் போனாலும் பல் போனாலும் உன் காது மட்டும் கடைசி வரை குறையாமல் இருக்க வேண்டும். யாரும் தட்டாமலே உனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா