கழற்றாத தொப்பி

கெண்டல், 1836, பதினோராம் மாதம் ஒன்பதாம் நாள்

அன்பு மகள் தபித்தாளுக்கு,

ஒஹையோவில் உன்னையும் மருமகனையும் கர்த்தர் நலமாக வைத்திருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் உன் அம்மா போய்விட்டாள். காய்ச்சல், நாலே நாள்.

உன் தம்பி ஜோயல் செத்ததை எழுதியபோது ஒன்றை மறைத்துவிட்டேன். நம் சபைக் கூட்டம் ஒரு வருஷமாக இரண்டுபட்டுக் கிடப்பது உனக்குத் தெரியும். மனசுக்குள் கர்த்தர் காட்டும் உள்ளொளிதான் முதல், வேதாகமம் அதற்கு அடுத்துத்தான், நம் முன்னோர் அதைத்தான் எழுதி வைத்தார்கள் என்பது என் கட்சி. உன் அம்மாவோ கூட்டத்தில் எழுந்து, "முன்னோர் எழுதுனதத் தலைக்கு வெச்சுத் தூங்குறீங்க, வேதாகமத்தப் பரண்ல போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டாள். சபை மூப்பன் வீட்டுக்காரியே இப்படியா என்று ஊர் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. ஜோயலின் குழிக்கருகே அவள் ஜெபிக்க முழங்காலிட்டாள். ஒருவர் ஜெபிக்கும்போது மட்டும் கழற்றுகிற நம் வழக்கப்படி ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவளைப் பேசவிடக் கூடாது என்று குதித்த ஜேபஸ்கூடக் கழற்றினான். நான் கழற்றவில்லை. இந்த ஜெபத்தில் எனக்குப் பங்கில்லை என்று, பெற்ற பிள்ளையின் குழிக்கருகே, வாய் திறக்காமலே ஊரறியச் சொன்னேன். திரும்பி வரும்போது, "அமோஸ், நம்ம பிள்ளைக்குத்தான கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, வீம்பு.

அவளை அடக்கம் செய்த அன்று மழை. குழிக்கருகே போனதுமே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஜெபிக்க ஒருவரும் முழங்காலிடவில்லை. அவள் பக்கத்து ஆட்கள் எனக்குப் பயந்தார்கள், என் பக்கத்து ஆட்களுக்கு மனமில்லை. நானே முழங்காலிடலாமென்றால், இருபது வருஷமாக மூப்பனாக இருந்து அடுத்தவர் ஜெபத்தை எடைபோட்டவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "தொப்பியப் போடு அமோஸ், சளி பிடிக்கும். இன்னைக்கு யாரும் ஜெபிக்கல" என்றான் ஜேபஸ்.

அங்கேயும் இதே சண்டை வந்துவிட்டது, மருமகன் ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் என்று எழுதியிருந்தாய். யார் சொல்வது சரி என்று என்னிடம் கேட்காதே. என் எண்ணம் மாறவில்லை. ஆனால் நீ முழங்காலிடும்போது அவரைத் தொப்பியைக் கழற்றச் சொல், நான் சொன்னதாகச் சொல். அம்மாவின் வேதாகமத்தைக் கப்பலில் அனுப்புகிறேன், நனையாமல் வாங்கி வை. குளிருக்கு முன் விறகு சேர்த்துக்கொள். உங்களுக்கு என் ஆசி. ஆசி கேட்பதெல்லாம் அம்மாவின் வேலையாக இருந்தது, எனக்குச் சரியாக வராது.

இப்படிக்கு,
உன் அப்பா அமோஸ்