நாற்பது நிமிடம் வலப்பக்கம்

அன்பு மகளே,

இங்கே நானும் உன் சித்தியும் சுகம், என் முழங்கால் மட்டும் தனியாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். பெற்றவர் என் அண்ணன், வளர்த்தவன் நான், அந்த உரிமையில் எழுதுகிறேன், சிரிக்காதே.

என்னைக் கேட்காமல் இந்தப் படகுத்துறையில் கடல்கூட ஏறி இறங்காது, உனக்கே தெரியும். பெரிய துறைமுகத்தில் தண்ணீர் ஏறி இறங்குவதை வளைவாக வரைந்து அனுப்புவார்கள், நீ படித்த அதே சைன் வளைவுதான். நம் துறை ஆற்றுக்குள் இருப்பதால் உயரம் முக்கால் பங்கு, நேரம் நாற்பது நிமிடம் தாமதம். உயரத்தை அமுக்கி வரைவதில் நான் புலி. நேரத்துக்கு, புதிதாக வந்த ஆபீஸ் பெண் நாற்பதைக் கழித்துப் பாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்தாள். கழித்தல் என்றால் இடப்பக்கம், எட்டாம் வகுப்பில் வாத்தியாரையே திணறடித்த எனக்குத் தெரியாதா! வியாழக்கிழமை அந்த வளைவைப் படியெடுத்த டிரேசிங் பேப்பரை இடப்பக்கம் தள்ளி வரைந்து, ஐந்து இருபதுக்கே தண்ணீர் உச்சி என்று சரக்குப் படகைக் கூப்பிட்டுவிட்டேன். தண்ணீர் போதவில்லை. அடிப்பலகை கல்லில் இடித்துப் பிளந்து நானூறு சிமெண்டு மூட்டை நனைந்தது. நாலாயிரம் என்று எழுதத்தான் கை போகிறது.

யார் போட்ட கணக்கு என்று மேனேஜர் குதித்தார். அந்தப் பெண்தான் கழித்தல் போட்டுத் தந்தாள் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க நனைந்த மூட்டை இழுத்து இடுப்பு ஒடிந்து வந்தால், நீங்க மூட்டையைத் தூக்கினீங்க, அவ உங்க பழியைத் தூக்கிட்டுப் போறா என்கிறாள் உன் சித்தி. ரோஷம் வந்து அந்த வளைவுத் தாளைச் சமையலறை மேசையில் விரித்தேன். அவள் கழிக்கச் சொன்னது நம் துறை நேரத்தில்: இங்கே மணி ஆறு நாற்பது என்றால், நாற்பதைக் கழித்தால் ஆறு, பெரிய துறைமுகத்தில் ஆறு மணிக்குத்தான் உச்சி. அப்படியானால் இங்கே உச்சி ஆறு நாற்பதுக்கு. கழித்தல் போட்டால் வளைவு வலப்பக்கம் போகிறது மகளே! அவள் எழுதியது சரி.

சனிக்கிழமை மேனேஜரிடம் போனேன். வழியெல்லாம் நாலு கதை ஜோடித்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை, களைப்பு. தப்பாகத் தள்ளியது என் கை என்று மட்டும் சொன்னேன். அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், என்னைக் கயிறு இழுக்கிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள். நேற்று வேலைக்குத் திரும்பியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கயிற்றோட நில்லுங்க ஐயா என்றாள். நின்றேன். பத்துக்குத் தண்ணீர் வந்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். மறக்காதே, உன் அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே, எனக்குப் பதவி உயர்வு என்று எழுதியிருக்கிறேன்.

உன் சித்தப்பா